வாசலோரம் உட்கார்ந்த மாமியார்

ஒன்பது நாளாக எங்கள் வீட்டில் கதை நின்றுபோயிருந்தது. என் கணவர் சகினாலிக்குப் பார்வை போய் நாலு வருஷம். தினமும் சாயங்காலம் நான் படிப்பேன், அவர் கேட்பார். அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷமே அதுதான்.

மகன் பிஷ்கெக் நகரத்திலிருந்து அனுப்பிய பழைய ஈ-ரீடரில்தான் படிப்பது. குளிர்காலம் வந்து நாலு மணிக்கே விளக்குப் போட ஆரம்பித்ததும் திரை முழுக்க ஒரே பளபளப்பு. எழுத்தே தெரியவில்லை. என் கண்ணும் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம் ஜூரா, கண்ண வருத்திக்காத" என்றார் அவர். பச்சைப் பொய்! கம்பளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டே நாளைக் கழிக்கிற மனுஷன்.

அன்று மருமகள் நூர்சாத் டீ ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அத்தை, கோளாறு கண்ணுல இல்ல. மேல தொங்குற சரவிளக்கு வெளிச்சம் திரையில பட்டு உங்க கன்னத்துல ஆடுது பாருங்க."

"நீ எப்போ டாக்டர் ஆன?"

அவள் சரவிளக்கை அணைத்துவிட்டு மேஜை விளக்கைக் கொண்டுவந்தாள். அறையில் இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் வாசலோரம், அவள் டீ ஊற்றுகிற இடத்தில். "வயர் அங்க எட்டாது. நீங்க இங்க வாங்க."

நானா? முப்பது வருஷம் மருமகளாக அந்த வாசலோரத்தில் டீ ஊற்றித்தான் எதிர்ச் சுவரோரம், பெரியவர்கள் இடத்துக்கு வந்திருக்கிறேன்!

"ஊரு உன்னத்தான்டி காறித் துப்பும்."

"துப்பட்டும். மாமா ஒழுங்கா சாப்பிட்டு ஒன்பது நாளாச்சு."

எழுந்து போய் வாசலோரம் உட்கார்ந்தேன். விளக்கை என் இடது தோளுக்குப் பின்னால் வைத்தாள். எழுத்து ஒவ்வொன்றும் கறுப்பாகப் பளிச்சென்று நின்றது. விட்ட இடத்திலிருந்து படித்தேன். அவர் நூலைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

நாலு பக்கம் போயிருக்கும், கதாநாயகன் ஆற்றங்கரைக்கு வந்திருந்தான். பக்கத்து வீட்டு பெர்மெத் கதவைத் திறந்தாள், என்னை மிதிக்காத குறை.

"அடிப்பாவி நூர்சாத்! மாமியாரையா வாசல்ல உக்கார வெச்சிருக்க?"

மருமகள் தலைகுனிந்தாள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் என் இடத்தில் உட்கார வைத்தேன்.

"ஐயோ அத்தை, வேணாம்..."

"பேசாம உக்காருடி. என் கண்ணையே திருப்பிக் குடுத்திருக்க, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்?" பெரிய விருந்தாளிக்கு எங்கள் வழக்கப்படி ஊற்றுவதுபோல, சூடாக மறுபடி மறுபடி ஊற்றலாமென்று அரைக் கிண்ணம் டீ ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினேன். பெர்மெத் திறந்த கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அந்தக் கதவ யாராவது சாத்துங்களேன்" என்று கத்தினார் என் கணவர். "ஜூரா, அவன் ஆத்தத் தாண்டினானா இல்லியா? மேல படி!"