இருபது நிமிஷம் பாக்கி

தம்பியின் பின்மண்டை சுவரில் மோதியது. மாமா அவன் கழுத்தைப் பிடித்து இன்னொரு தடவையும் மோதினார். பிணவறைத் தாழ்வாரத்தில் நின்றிருந்த பஸ் டிப்போக்காரர்கள் ஓடி வருவதற்குள் மூன்றாவதும் விழுந்துவிட்டது.

“என் பொண்டாட்டி மூஞ்சியில கை வச்சது யாருடா? தாடை நீலமாக் கெடக்குடா! சொல்லு!”

“நான்தான் மாமா,” என்றான் தம்பி.

அவ்வளவுதான். மாமா மெக்கானிக், ஸ்பேனர் பிடித்தே காய்த்துப்போன கை. அக்கா புருஷனுக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது என்பது தெருவுக்கே தெரியும். உதடு கிழிந்தது, ஒரு பல் ஆடியது. தம்பி தடுக்கக்கூட இல்லை. இன்னும் நாலு விழட்டும் என்றுதான் இருந்தது அவனுக்கு.

காலையில் அக்கா உயிரோடு இருந்தாள். பதினெட்டு வருஷமாக நாற்பத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர். டிப்போவில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தண்ணிப்பாம்பு’. உடம்பை விறைக்க வைக்கும் குளிர் ஜலசந்தியை நீந்திக் கடந்தே தீருவேன் என்று இரண்டு வருஷம் ஐஸ் கொட்டிய தொட்டியில் உட்கார்ந்து உடம்பைப் பழக்கிய கிறுக்கச்சி. அதற்கு அனுமதி வேண்டுமென்றால், முதலில் குளிர்கடலில் ஆறு மணி நேரம் தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும். பக்கத்திலேயே படகில் போகிறவன் தம்பி. அவன் கை பட்டால், விதிப்படி அத்தனையும் போச்சு. போன வருஷம் ஐந்தாவது மணியில் பயந்துபோய் இழுத்துப் போட்டான். மூன்று மாசம் அவள் பேசவில்லை. “இந்தத் தடவையும் தொட்டே, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றுதான் இன்றைக்கு இறங்கினாள்.

டாக்டர் வெளியே வந்தார். “அவரை விடுங்க சார். குளிர் மூளைக்கு ஏறிட்டா, காப்பாத்த வர்றவங்களையே கடிச்சுக் கொதறுவாங்க. அவர் கையைப் பாருங்க.”

மணிக்கட்டில் அக்காவின் பல்வரிசை முழுசாகப் பதிந்திருந்தது. தூக்கப் போனவனைக் கடித்தாள், கண்ணைப் பிராண்டினாள், படகை எட்டி உதைத்தாள். “போடா! போடா!” என்று கத்திக்கொண்டே முங்கினாள். தாடையில் ஓங்கி ஒரு குத்து விட்டுத்தான் மேலே அள்ளிப்போட்டான். கரை சேருமுன் மூச்சு நின்றுவிட்டது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பார்கள். இங்கே தம்பியே அடித்தான், அதுவும் உதவவில்லை.

மாமாவின் பிடி தளர்ந்தது. அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “அடிச்சாவது இழுத்துப் போட்டியேடா! உன்னைப் போய் அடிச்சிட்டேனே, பாவி நான்.”

“கூடப் பொறந்தவன்னா இப்படி இருக்கணும்,” என்றார் ஒரு டிரைவர்.

தம்பி உதட்டு ரத்தத்தைத் துடைத்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியப் போவதில்லை. பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சோறும் படுக்கையும் மாமா வீட்டில்தான். இவரை விட்டால் வேறு நாதி கிடையாது.

“மாமா, அடிச்சதில்ல தப்பு.”

“விடுடா.”

“கேளுங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரைத்தண்ணி நீட்டறப்ப, ஒரு கேள்வி கேக்கணும். புத்தி தெளிவா இருக்கான்னு பாக்க. தடுமாறினா உடனே தூக்கிடணும், அதான் பேச்சு. உன் பஸ் நம்பர் என்னக்கான்னு கேட்டேன். முழிச்சா மாமா. பதினெட்டு வருஷம் ஏறி எறங்கின வண்டி, தெரியல அவளுக்கு.”

மாமா அழுகையை நிறுத்தினார்.

“நாப்பத்திரண்டுதானேக்கான்னு நானே எடுத்துக் குடுத்தேன். ஆமான்னா. சரி போன்னு விட்டுட்டேன்.”

“ஆறு மணி நேரம் முடிய எவ்வளவு பாக்கி இருந்துச்சு?”

“இருபது நிமிஷம்.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தான். அடி விழவில்லை. தோளில் கிடந்த கைதான் விலகியது.

“வண்டி வந்திருச்சு, நாலு பேர் வாங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாமா போய்த் தலைமாட்டில் நின்றார். டிப்போக்காரர்கள் இரண்டு பேர் பக்கவாட்டில் பிடித்தார்கள். இன்னும் ஒரு ஆள் குறைந்தது. அவனைப் பாராட்டின டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீ தலைப்பக்கம் வராத,” என்றார் மாமா, அவனைப் பார்க்காமலே. “காலைப் பிடி.”

துணி பாதம்வரை எட்டவில்லை. குளிர் தாங்கட்டும் என்று விடியற்காலையில் அவனே பூசிவிட்ட கொழுப்பு இன்னும் அப்படியே அப்பியிருந்தது. பிடி வழுக்கியது. சட்டையைக் கழற்றி அவள் கணுக்காலில் சுற்றி, இறுகப் பிடித்துத் தூக்கினான்.