திங்கட்கிழமை அளவு

கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அக்கா ஒரு மாதமாகப் புலம்புகிறாள். இருக்கிறது என்று என் பதிவேடு மூன்று வருடமாகச் சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். எனக்கு முதலில் அக்காமேல்தான் சந்தேகம். தம்பிடி பெறாத விஷயத்துக்கும் ஊரைக் கூட்டுவது அவள் பிறவிக் குணம்.

நான் நிலத்தடி நீர் அலுவலகத்தில் அளவெடுப்பவள். கிணற்றுக்குள் நாடாவை இறக்கி, எத்தனை மீட்டரில் நனைகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அக்கா வீட்டுக் கிணறும் என் பட்டியலில் உண்டு. வேலிக்கு அப்பால் சூரிய மின் நிலையம். அது வந்தபின் தெருவுக்கு விளக்கு வந்தது, வீட்டுக்கு வீடு பைக் வந்தது, அத்தானுக்கு வேலையும் வந்தது. அங்கே சூரியப் பலகைகளைக் கழுவும் ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. இப்போது நிலையத்தை இரண்டு மடங்காக்கக் கேட்கிறார்கள். சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கவில்லை என்று எங்கள் அலுவலகம் நாளை எழுதிக் கொடுத்தால் அனுமதி கிடைத்துவிடும்.

இன்று வியாழக்கிழமை. யாரிடமும் சொல்லாமல் வந்து நாடாவை இறக்கினேன். வழக்கமான பதினோரு மீட்டரில் நனையவில்லை. பதினைந்திலும் இல்லை. பத்தொன்பதில் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். அதே சேறு.

"இப்பவாச்சும் நம்புறியா?" என்றாள் அக்கா. "எல்லாம் உங்க அத்தான் வேலைடி. கம்பெனிக்காரன் காசு குடுத்து அவரு வாயை அடைச்சிருக்கான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தான் புதுச் செருப்போடு வந்து நின்றார். இருந்த கோபத்தில் அந்தச் செருப்புகூட எனக்குச் சாட்சியாகத் தெரிந்தது.

"அத்தான், பலகை கழுவ தண்ணி எங்கேர்ந்து வருது?"

"வேலியோரம் இருக்கிற எங்க போர்லேர்ந்துதான். திங்க முதல் சனி வரைக்கும் மோட்டார் ஓடும். ஞாயித்துக்கிழமை லீவு."

அப்படியானால் ஞாயிறு முழுக்கக் கிணறு ஊறும். நான் அளப்பதோ திங்கள் விடியற்காலை, மோட்டார் போடும் முன். மூன்று வருடமும் அப்படியே. அடேயப்பா, என்ன கச்சிதமான ஏற்பாடு. எவனோ விலைபோயிருக்கிறான்.

"திங்கக்கிழமைதான் அளக்கணும்னு முடிவு பண்ணது யாரு? உங்க மேனேஜரா, எங்க ஆபீசரா? மழுப்பாம சொல்லுங்க."

அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீதான்மா."

"நானா?"

"ஞாயித்துக்கிழமை இங்க வந்து தங்குவே. விடிஞ்சதும் கையோட கிணத்தை அளந்துட்டு பஸ்ஸைப் புடிப்பே. ஒரு நடை மிச்சம்னு நீதானே சொன்னே?"

சொன்னேன்தான். அட்டவணையில் நாள் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. 'திங்கள்' என்று நிரப்பியது என் கை. சுற்றியுள்ள கிணறுகளுக்கும் அதே நாள். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

பதிவேட்டைத் திறந்து எழுதினேன்: 'மூன்று ஆண்டு அளவுகளும் மோட்டார் ஓடாத நாளுக்கு மறுநாள் எடுக்கப்பட்டவை. இவற்றை நம்ப இயலாது.' அடியில் என் கையெழுத்து வர வேண்டும். பேனா அங்கே நின்றது.

அக்கா எட்டிப் படித்தாள். "இதைக் குடுத்தா உன் வேலை போயிடுமா?"

"போகலாம். பலகை கழுவுறதை நிறுத்தச் சொன்னா அத்தான் வேலையும் போகும்."

அக்கா அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடும்மா," என்றார் அத்தான்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்தபடியே போட்டேன்.