கடைசி வரிசைக்குக் கேக்கணும்

நாடகம் பாக்கப் போயி தூங்குறது ஒரு குத்தமா? குத்தம்னா நான் ஆறு வருஷமா குத்தவாளி. என் வீட்டுக்காரர் செம்மல் நடிச்ச நாடகம் ஒண்ணு பாக்கி இல்லாம எல்லாத்துக்கும் போயிருக்கேன், எல்லாத்துலயும் தூங்கியிருக்கேன். மரமா நின்னாரு, தூங்கினேன். போலீசா வந்தாரு, தூங்கினேன். ஒரு நாடகத்துல செவுரா நின்னாராம், அது பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க. எனக்கு வேலை தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, மருந்து பாட்டிலுக்கு மூடி பண்ற கம்பெனியில. காலையில ஆறு மணி ஷிப்ட்டு. அரியாங்குப்பத்துக்கு வேன் அஞ்சேகாலுக்கு வந்துடும். அதுக்குள்ள சோறு, குழம்பு, பசங்க டிபன் டப்பா எல்லாம் ஆவணும்னா மூணரைக்கு எழுந்துக்கணும். அங்க போனா பெல்ட்டு முன்னாடி நிக்கணும். மூடி வந்துக்கிட்டே இருக்கும். நல்லது இந்தப் பக்கம், ஓரத்துல பிசிறு இருந்தா அந்தப் பக்கம் கழிவு டப்பாவுல. எட்டு மணி நேரமும் நின்னுக்கிட்டேதான். ஸ்டூல் கேட்டா, போட்டா தூங்கிடுவீங்கன்னு சூப்பர்வைசர் சொல்லுவான். பாவி, அதுல மட்டும் அவன் சொல்றது சரி.

இப்பிடி ஒருத்திய சாயங்காலம் ஆறரை மணிக்கு நாற்காலியில உக்கார வெச்சி, லைட்ட அணைச்சி, ஃபேன் போட்டு, யாரும் எதுவும் பேசாம பத்து நிமிஷம் மெதுவா நடந்து காட்டினா அவ என்னாதான் பண்ணுவா? இவங்க போடுறது நவீன நாடகம். பாட்டு கிடையாது, திரை கிடையாது. ஒருத்தர் வந்து தரையப் பாப்பாரு. இன்னொருத்தர் வந்து மேலப் பாப்பாரு. எங்கேர்ந்தோ ‘ம்ம்ம்’னு ஒரு சத்தம் வரும். தாலாட்டுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம்?

செம்மலுக்கு நேரு வீதியில ஒரு துணிக்கடையில பில்லு போடுற வேலை. தங்கமான மனுஷன், குரலுதான் சின்னது. கறிக்கடையில கால் கிலோ கேட்டா கடைக்காரன் ரெண்டு தடவ ‘என்னா?’ன்னு கேப்பான். அந்த நாடகக் குழுவ நடத்துறவர் தேவதாஸ். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவரு, அதனால எல்லாரும் ஐயாங்கிறதுக்கு பிரெஞ்சுல முசியேன்னுதான் கூப்பிடுவாங்க. அவருகிட்ட ஒரே ஒரு சட்டம். ‘கடைசி வரிசையில உக்காந்திருக்கவனும் வண்டி புடிச்சித்தான் வந்திருக்கான். அவனுக்குக் கேக்கணும்’பாரு. செம்மலுக்கு ஆறு வருஷமா வசனம் கிடைக்காததுக்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

ரெண்டாயிரத்தி ஆறுல முசியே வேலையப் பத்தி ஒரு நாடகம் போட்டாரு. அவரு வசனம் எழுதிக் குடுக்க மாட்டாரு. நடிக்கிறவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வீட்டுலேர்ந்து கொஞ்சம் பேச்சு கொண்டாரணும், அத செதுக்கிக் கோத்துடுவாரு. செம்மலும் ஏதோ கொண்டு போயிருக்காரு. முசியே கேட்டுட்டு, ‘இத நீதான் பேசணும்’னு ஆறு நிமிஷம் குடுத்துட்டாரு. அன்னிக்கி மனுஷன் வீட்டுக்கு வந்த வேகத்துல செருப்போட உள்ள வந்துட்டாரு. ரெண்டு மாசம் குளிக்கிற ரூமுக்குள்ள முணுமுணுன்னு ஒரே சத்தம். என்னா பேச்சுன்னு கேட்டா சொல்லல.

“வந்து பாரு. இந்த ஒரு தடவ மட்டும் முழிச்சிக்கிட்டு இரு கலை”ன்னாரு.

“உன் மேல சத்தியமா”ன்னேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளு, கடற்கரை பக்கம் ஒரு பழைய கிடங்குல. வெள்ளிக்கெழம பசங்கள எங்க அம்மா வீட்டுல விட்டுட்டு, அஞ்சலாட்சியக் கூட்டிக்கிட்டுப் போயி ரெண்டாவது வரிசையில உக்காந்தேன். லைட்டு போனது ஞாபகம் இருக்கு. ஒரு பொண்ணு கூடைய எடுத்துக்கிட்டு மெதுவா வந்தா. கூடைய எறக்கினாளா இல்லையான்னு இன்னிய வரைக்கும் எனக்குத் தெரியாது.

அஞ்சலாட்சி முழங்கையால இடிச்சா. லைட்டெல்லாம் எரிஞ்சிது. எல்லாரும் வட்டமா உக்காந்துக்கிட்டு இருந்தாங்க. அதுவும் இவங்க வழக்கம். நாடகம் முடிஞ்சதும் நடிச்சவங்க தரையில உக்காருவாங்க, முசியே ஒவ்வொருத்தரா ‘நீங்க சொல்லுங்க’ம்பாரு. சொல்லாம ஒருத்தரும் வெளிய போவ முடியாது. என்கிட்ட வந்தப்ப, “எல்லாரும் நல்லாப் பண்ணாங்க. இவரும் நல்லாப் பேசினாரு”ன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. செம்மல் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

பின்னாலேர்ந்து ஒருத்தர், “எங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்க. மொதல்ல ரெண்டு வரி கேட்டுச்சி, அப்புறம் வாய்தான் அசைஞ்சிது”ன்னாரு. பக்கத்துல இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம்னாங்க.

முசியே கோவப்படல. கோவப்பட்டிருந்தாலும் தேவலாம். “செம்மல், நாளைக்கி ஒரு நாள் பாப்போம். நாளைக்கும் கேக்கலன்னா, ஞாயித்துக்கெழம வெளியூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. அந்தப் பகுதிய ராஜவேலு பேசட்டும்”னாரு. குழுவுல இருக்கிற ராஜவேலு, ஆட்டோவுல மைக்கு கட்டி ஊர் ஊரா விளம்பரம் பண்றவன். அவனுக்கு அந்த மைக்கே தேவையில்ல.

டெம்போ நிக்கிற எடத்துக்கு நடந்து வர்றப்ப செம்மல் பத்தடி முன்னாடி போயிட்டாரு. அஞ்சலாட்சி என் கையப் புடிச்சி நிறுத்தினா.

“ஏண்டி, அவரு பேசினதே உன்னப் பத்தித்தான்டி.”

“என்னப் பத்தியா? என்னா பேசினாரு?”

“அத நீயே கேட்டிருக்கணும். நல்லா கணீர்னுதான் ஆரம்பிச்சாரு. தூக்கத்துல உனக்கு ஒரு தடவ தூக்கிவாரிப் போட்டுச்சி பாரு, அத மேடையிலேர்ந்து பாத்துட்டாரு. அதோட குரல எறக்கிட்டாரு மனுஷன். தூளியில புள்ள தூங்குறப்ப பேசுவோமே, அப்பிடி. கிட்ட இருந்ததால எனக்குக் கேட்டுச்சி. பின்னாடி எப்பிடிக் கேக்கும்?”

எனக்கு வந்த ஆத்திரத்த என்னான்னு சொல்றது! ஓடிப் போயி சட்டையப் புடிச்சேன்.

“யோவ், உனக்குப் புத்தி இருக்கா? ஆறு வருஷம் மரமா நின்னு வாங்கின வசனத்த, நான் முழிச்சிக்குவேன்னு முழுங்கிட்டு வந்திருக்கியே!”

“மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்! நான் கத்துறது கடைசி வரிசைக்குக் கேக்குதில்ல? உனக்கென்னா கேடு?”

“நீ மூணரைக்கு எழுந்தவ” அப்பிடின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. டெம்போவுல அரியாங்குப்பம் வர்ற வரைக்கும் நான் அவரத் திட்டல.

ராத்திரி படுத்தா, வழக்கமா தலை சாஞ்சதும் போயிடுற தூக்கம் அன்னிக்கி வரல. என்னப் பத்தின பேச்சு. என் வீட்டுப் பேச்சு. அத அந்த ராஜவேலு ‘மலிவு விலையில வாங்கிச் செல்லுங்கள்’னு கூவுற வாயால கூவுறதா? எம் புருஷன் ஓரமா மரமா நிக்கிறதா? பத்திக்கிட்டு வந்துச்சி. அதுக்குக் காரணம் நான்தான்னு நெனச்சப்ப இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சி.

காலையில எழுந்ததும், “நான் இன்னிக்கி வரல, வீட்டுலயே இருக்கேன். நீ நிம்மதியா கத்து”ன்னேன்.

அவரு மொகம் சுருங்கிப் போச்சி. “நீ வரலன்னா யாருக்குப் பேசுறது?”ன்னாரு.

இதுக்கு என்னா பண்றது? பெல்ட்டு முன்னாடி நின்னு மூடி பொறுக்கிக்கிட்டே யோசிச்சேன். மத்தியானம் வந்து சொன்னேன். “நான் கடைசி வரிசையில உக்காந்துக்கறேன். அங்க கும்மிருட்டு. நான் தூங்குறேனா முழிச்சிருக்கேனான்னு உனக்குத் தெரியாது. நீ பேசினா எனக்கு வந்து சேரணும். சேரலன்னா வீட்டுக்கு வந்து சோறு கேக்காத.”

“அவ்வளவு தூரம் வருமா கலை?”

“வரும். கல்யாணம் ஆன பதினாலு வருஷத்துல ஒரு தடவ கூட நீ கத்தி நான் கேட்டதில்ல. இன்னிக்கி ஒரு நாளு கத்து.”

சனிக்கெழம போறப்பவே கண்ணு எரிஞ்சிது. மொத நாளு தூங்காதது வேற. வழியில ரெண்டு காபி குடிச்சேன். உக்காந்தாத்தான வம்பு, நிப்போம்னு பின்னாடி செவுத்துல சாஞ்சி நின்னேன். குழுவுல ஒரு பொண்ணு வந்து, ‘அக்கா, லைட்டு மறைக்குது, உக்காருங்க’ன்னா. நாற்காலி நுனியில உக்காந்தேன், முதுகு சாயாம. தொடையக் கிள்ளிக்கிட்டேன். கூடைக்காரி வந்தா. கூடைய எறக்கிடு தாயே, சீக்கிரம் எறக்கிடுன்னு வேண்டிக்கிட்டேன்.

அப்புறம் சூப்பர்வைசர் கத்துறான். பெல்ட்டு நிக்குது, மூடியெல்லாம் கீழ கொட்டுது, அவன் என்னப் பாத்துக் கத்துறான். எவன்டா அவன், எட்டு மணி நேரம் நின்னது போதாதான்னு பதிலுக்குக் கத்த வாயத் தொறந்தேன். தொறந்தப்பதான் முழிப்பு வந்துச்சி. நான் இருந்தது கிடங்குல, கடைசி வரிசையில. கத்துறது சூப்பர்வைசர் இல்ல. அப்பிடி ஒரு குரல நான் கேட்டதே இல்ல. யாருன்னு புரிய கொஞ்ச நேரம் ஆச்சி.

நடுவுல செம்மல் ஒத்தையா நின்னாரு. கழுத்து நரம்பு பொடச்சிருந்துச்சி. இருட்டப் பாத்து, நான் இருக்கிற பக்கமாப் பாத்துப் பேசினாரு.

“சோத்துல கைய வெச்சிக்கிட்டே தூங்குவா. எழுப்ப மாட்டேன். கையக் கழுவி விட்டுட்டுப் படுக்க வெப்பேன். ராத்திரியில அவ விரலு மட்டும் தூங்காது. பாயில எதையோ தேடும், பொறுக்கும். மூடி! தூக்கத்துலயும் மூடி பொறுக்குறா! ஒண்ணும் கிடைக்கலன்னா பாவம், தவிப்பா. அதனால நான் என் விரலக் குடுப்பேன். ஒவ்வொரு விரலாத் தடவிப் பாப்பா. ஓரம் சரியா இருக்கான்னு பாப்பா. சில நாளு கழிவு டப்பா பக்கம் தள்ளி விட்டுடுவா.”

சனங்க சிரிச்சாங்க. அவரு சிரிப்பு அடங்குற வரைக்கும் நின்னாரு.

“சில நாளு நல்ல பக்கம் வெப்பா. வெச்சிட்டு, தொலஞ்சி போயிடப் போவுதேன்னு மேல கையப் போட்டு மூடிக்குவா. அன்னிக்கி நான் விடியிற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன்.”

பதினாலு வருஷமா இது எனக்குத் தெரியாது. தூங்கிக்கிட்டு இருந்தவளுக்கு எப்பிடித் தெரியும்? புடவைத் தலைப்ப வாயில அடைச்சிக்கிட்டு அழுதேன். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பாத்தாரு. பாத்தா பாத்துட்டுப் போவட்டும்.

லைட்டு போட்டாங்க. வட்டமா உக்காந்தாங்க. முசியே அன்னிக்கி யாரையும் கேக்காம நேரா கடைசி வரிசைக்கு வந்தாரு. “கலைமகள், கேட்டுச்சா?”

எழுந்து நின்னேன். நல்லா இருந்துச்சின்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாம், ஆறு வருஷமா சொன்னதுதான். அன்னிக்கி வாய் வரல.

“பொய் சொல்லக் கூடாது முசியே. நான் தூங்கிட்டேன். நல்லாத் தூங்கிட்டேன். மூணரை மணிக்கு அலாரம் அடிச்சா ரெண்டு தடவ அமுத்திட்டுப் படுக்குறவ நான். இவரு பேசினதுல முழிச்சிக்கிட்டேன்.”

முசியே திரும்பி, “ராஜவேலு, நாளைக்கி நீ டிக்கெட்டு பாத்துக்க”ன்னாரு.

எல்லாரும் கை தட்டினாங்க. செம்மல் தட்டல, சிரிக்கவும் இல்ல. தரையிலேர்ந்து எழுந்து வட்டத்தத் தாண்டி என்கிட்ட வந்தாரு. அத்தன பேரு முன்னாடி, கறிக்கடையில கேக்குற அதே குரலுல, தப்பு பண்ணிட்டவரு மாதிரி கேட்டாரு.

“எழுப்பிட்டேனா?”

“எழுப்பிட்ட”ன்னேன்.