அப்பா திரும்புவதற்குள்

1

இந்தக் கதையை நான் பார்த்து எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்குச் சுவர் வழியாக வந்தது. ஆரணி கொசப்பாளையத்தில் என் வீட்டுக்கும் கோபிநாத் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவனுடைய பட்டுத் தறி. இந்தப் பக்கம், நான் குடும்ப நாவல்கள் எழுதும் மேசை. தறி ஓடினால் என் பேனா ஸ்டாண்டு லேசாக ஆடும். (என் கதாநாயகிகளின் நெஞ்சு ஏன் ஓயாமல் படபடக்கிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். காரணம் இதுதான்.)

அந்தச் சுவர் வழியாகத்தான் பவித்ராவின் அழுகையும் வந்தது. இரண்டரை வயதுக் குழந்தை. காய்ச்சல், காதில் சீழ். டாக்டர் எழுதிக்கொடுத்த ரோஸ் நிற மருந்தை முழுங்க மாட்டேன் என்கிறாள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘ரேணுகாதேவி மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய நாளிலிருந்து அவள் கணவன் கோபிநாத்தின் கண்களில் ஒரு கடல்—’

அடித்துவிட்டேன். ஆரணிக்காரன் கண்ணில் கடல் எங்கிருந்து வரும்? தவிர, அவன் கண்களை நான் சரியாகப் பார்த்ததில்லை. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தால் அவன் முகம் தறிக்கு, முதுகு வீட்டுக்கு. (குழியில் உட்கார்ந்தபடி உடம்பைத் திருப்ப முடியாது. கழுத்தைத் திருப்பலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் பரவாயில்லை:

ரேணு நர்ஸ். மஸ்கட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த அன்று, “நான் போகட்டுமாங்க?” என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. தறி நிற்கவில்லை. “உன் இஷ்டம்” என்றான் கோபி. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவன் பின்னால் நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. நிற்பதற்குச் சத்தம் கிடையாது.

3

“பவி கண்ணு, ஒரே ஒரு வாய்மா. ஜூஸு மாறி கீது பாரு.”

“வேணா.”

“அப்பா குடிக்கட்டா? ஆங்... சூப்பரா கீதே!”

“அப்பா குச்சிடு. எல்லாம் குச்சிடு.”

பிறகு துப்பும் சத்தம். “ஐயோ, சட்டையெல்லாம்... பேஜார் பண்ணாதடி!” பிறகு அவன் குழந்தையின் மூக்கைப் பிடித்து ஊற்றியிருக்க வேண்டும். இருமல், வாந்தி, பெரிய அழுகை.

கொஞ்ச நேரத்தில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றான்.

“பரிமளாக்கா, ரேணு குடுத்தா இது சிரிச்சிகினே முழுங்கும். அவ இன்னா பண்ணுவான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“உன் வீட்டுல நடந்தது எனக்கு எப்படிப்பா தெரியும்?”

“செவுத்துல கேட்டிருக்கும்ல?”

கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கும் கேட்டிருக்கிறதுதான். டம்ளரில் ஸ்பூன் தட்டும் சத்தம். ரேணுவின் கிசுகிசுப்பு. பிறகு பவித்ராவின் சிரிப்பு.

“எனக்கும் அவ்ளோதாங்கா கேட்டுது” என்றான்.

அதே அறையில் உட்கார்ந்திருந்தவன்!

“ரேணுவுக்கே போன் போட்டுக் கேளேன்.”

“காய்ச்சல்னு அவளாண்ட சொல்லலக்கா. கூப்ட்றப்போல்லாம் தூங்குதுன்னு சொல்லிகினு கீறேன்.”

“ஏன்?”

“சொன்னா வேலைய உட்டுட்டு வந்துடுவா.”

“வந்தா நல்லதுதானே?”

குழந்தையின் சட்டையைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த இடம்தான். “வான்னு கூப்புட நமக்கு வாய் ஏதுக்கா? போவாதன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்” என்றான். பிறகு, “இன்னிக்கும் உள்ள போவலன்னா அட்மிட் பண்ணி ஊசிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

4

இந்த இடத்தில் கதை நின்றுவிட்டது. ரேணு என்ன செய்திருப்பாள்? தெரியாததைக் கற்பனை செய்வது என் தொழில். தாலாட்டு என்று எழுதினேன். நெற்றியில் முத்தம் என்று எழுதினேன். எல்லாம் என் பழைய நாவல்களிலிருந்து எழுந்து வந்தவை. வெட்கமாக இருந்தது.

“ஸ்பூனை ஏரோப்ளேன் மாதிரி ஓட்டிப் பாரேன்” என்றேன் அவனிடம்.

“அய்யோ, அது வேணாங்கா. ஏரோப்ளேன்னாலே அம்மா போச்சுன்னு அழுவுது.”

5

கடைசியில் என் வாசலில் நின்றபடியே போன் போட்டான். கையில் குழந்தை, அதனால் ஸ்பீக்கரில்.

“இன்னாங்க இந்நேரத்துல? டூட்டிக்குக் கெளம்பிகினு இருக்கேன்.”

“பவிக்கு ஜொரம். காதுல சீழு. மருந்து துப்புது. நீ எப்டி குடுப்பே?”

“ஜொரமா? எத்தினி நாளா? தூங்குது தூங்குதுன்னு சொன்னது இதானா? இங்க ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கறேன், என் புள்ளைக்கு ஜொரம்னு எனக்குத் தெரியல, நல்லா கீதுங்க!”

“திட்டறத அப்பறம் திட்டு. எப்டி குடுப்பே, ஜல்தி சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

“உங்க முதுகக் காட்டுவேன்.”

“இன்னாது?”

“‘அப்பா திரும்பறதுக்குள்ள முழுங்கிடணும், பாத்துட்டா நாம அவுட்டு’ம்பேன். பயந்துகினே முழுங்கிட்டு சிரிப்பா.”

“நான்தான் திரும்பவே மாட்டேனே.”

“அதாங்க. ஒருவாட்டி கூட நாங்க அவுட்டு ஆவல.”

(இங்கே ஒரு பத்தி விளக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.)

6

இந்த விளையாட்டுக்கு ஒரு முதுகு, ஒரு ஸ்பூன், ஒரு சின்ன வாய் வேண்டும். ஸ்பூனுக்கு ஆள் இல்லை. ஆகவே, கதையை எழுதுகிறவள் சுவரைச் சுற்றிக்கொண்டு கதைக்குள் போக வேண்டியதாயிற்று.

கோபி குழியில் காலை இறக்கினான். தறி ஓடத் தொடங்கியது. போனை வீடியோவுக்கு மாற்றி, தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தேன். திரையில் ரேணுவின் முகம். அவளுக்கு அங்கிருந்து தெரிந்தது நாங்கள் இருவரும், எங்களுக்கு அப்பால் அந்த முதுகும்.

டம்ளரில் ஸ்பூனைத் தட்டினேன்.

“பவி, அப்பா திரும்பறதுக்குள்ள...” என்று போனிலிருந்து கிசுகிசுப்பு வந்தது.

பவித்ரா போனைப் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள். தோளைக் குறுக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள். மருந்து போனது. குழந்தையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

“அப்பா பாக்கல!” சிரித்தாள். சிரிப்பில் ரோஸ் நிறப் பல்.

தறி நின்றது.

“முழுங்கிட்டாளாக்கா?” போனிலிருந்து ரேணு கேட்டாள்.

“முழுங்கிட்டா ரேணு. ஒரு சொட்டு கீழ போகல.”

“அப்போ...” என்றாள். “இனிமே திரும்பலாம்ங்க.”

7

என் நாவலாக இருந்தால் அவன் திரும்பிவிடுவான். ‘வந்துடு’ என்பான். அட்டைப்படத்தில் விமானம் தரையிறங்கும். அப்படி ஒரு பக்கம் எழுதினேன். ‘டூட்டிக்கு நேரமாவுது பாரு’ என்று தறியைப் பார்த்தே சொல்லிவிடுகிறான் என்று இன்னொரு பக்கமும் எழுதினேன். இரண்டையும் என்னால் நம்ப முடிகிறது. அதுதான் சங்கடம்.

உண்மையில் நான் அங்கே இல்லை. ரேணு அதைச் சொன்ன குரலைக் கேட்டதும், குழந்தைக்குச் சர்க்கரை தருகிறேன் என்று தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுபடியும் சுவருக்கு இந்தப் பக்கம்.

தறி இன்னும் ஓடவில்லை. பேனா ஸ்டாண்டு ஆடாமல் நிற்கிறது. பேச்சும் கேட்கவில்லை. கழுத்து திரும்புவதற்கும் சத்தம் கிடையாது.

மடியில் உட்கார்ந்து சர்க்கரையை நக்கிக்கொண்டே பவித்ரா கேட்கிறாள்: “அப்பா திரும்பிச்சா?”

நான் உங்களைப் பார்க்கிறேன்.