மூடச் சொன்ன ஊசி

1

இப்போதெல்லாம் எவனும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போடு என்கிறான். நான் அப்படிக் கையெழுத்துப் போடாமல் விட்ட ஒரு தாளால் வந்தது இந்தக் கதை. ஐந்தாவது வரை படித்தவன். முதுநகரில் மீனுக்கு ஐஸ் உடைத்துப் பிழைத்தவன். எழுத்து முன்னேபின்னே இருக்கும்.

2

சிதம்பரத்தில் ஒரு கிளினிக். நர்ஸ் இளமதி போனைப் பார்த்துக்கொண்டே ஊசியை...

(பொய். அவள் கையில் போன் இல்லை. அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன், நான் எப்படி ஆரம்பித்தேன் என்று தெரியட்டும்.)

சர்க்கரை பார்க்க ரத்தம் எடுத்தாள். எடுத்து முடித்த ஊசியைப் போடும் டப்பா அறையின் அந்தக் கோடியில் இருந்தது. அதுவரை மூடி போடாத ஊசி என் தொடைப் பக்கம் தட்டில் கிடந்தது.

"அத மூடு பாப்பா."

"மூடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க ஐயா."

"எனுக்குக் குத்துனா ஒங்க டாக்டரா வந்து பாப்பாரு?"

சிரித்துக்கொண்டே மூடினாள். மூடி நழுவியது. ஊசி கையுறையோடு கட்டைவிரலில் இறங்கியது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

3

என் ரத்தத்தில் எச்ஐவி, மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாளை நீட்டி அனுமதி கேட்டார்கள். என்னைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

கிருமி தொற்றாமல் இருக்க அவளுக்கு இருபத்தெட்டு நாள் மாத்திரை. இன்று ஒன்பதாம் நாள். தின்பதெல்லாம் வாந்தி. பயந்துபோய்த் தன் கைப்பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பதையும் நிறுத்திவிட்டாளாம். நேற்று போன் செய்தாள்.

"திட்டறதுக்குக் கூப்புடல ஐயா. ஒங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்க. இப்ப வந்து குடுத்தாலும் போதும்."

4

கதையில் டப்பாவை அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்து எழுதிப் பார்த்தேன். ஊசி நேராக உள்ளே விழுந்தது. கதை அரைப் பக்கத்தில் முடிந்துபோனது.

நான் போய் ரத்தம் கொடுப்பதாக இன்னொரு முடிவு. படிக்கிறவர்களுக்கு அது பிடிக்கும். தன்னைப் பற்றித் தானே நல்லபடி எழுதுகிறவனை நான் நம்பியதில்லை. நீங்கள் ஏன் நம்ப வேண்டும்?

(ஒருவேளை என் ரத்தத்தில் ஏதாவது இருந்து...)

சோதனை சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று எனக்கு இன்னமும் தோன்றவில்லை. சட்டையை மாட்டிவிட்டேன். தெருமுனையில் இடப்பக்கம் டீக்கடை, வலப்பக்கம் சிதம்பரம் பஸ். எந்தப் பக்கம் திரும்பினேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் போகிறேன்.