யாரும் காணாத சூடு

கடலுக்குப் போன என் அண்ணா பெனடிக்ற்றின் வள்ளத்தில் குண்டு விழுந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அரிப்பு என்ற ஊரின் கரைக்கு நானும் பெரியப்பாவும்தான் அவரைத் தேடிப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். வள்ளத்தின் பலகைகள் மட்டும் ஒதுங்கியிருந்தன என்று சொன்னோம்.

பதினோராம் நாளான அன்று எங்கள் உப்புக்குளத்து வீட்டில், பக்கத்து வீட்டு ஸ்ரெலாவுக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஈயத்தின் அணுக்கருக்களை வேகமாக மோதவிட்டால், கணநேரம் சூரியனின் நடுப்பகுதியைவிடப் பல்லாயிரம் மடங்கு சூடு பிறக்கும் என்றேன்.

"உள்ளுக்கு ஆர் ரீச்சர் தெர்மாமீற்றர் வைச்சது? உருகியெல்லோ போயிருக்கும்!"

"ஒருத்தரும் வைக்கேலாது. சிதறி வெளியிலை வாற துணிக்கையளை வைச்சுத்தான் கணக்குப் போடுறது."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"அப்ப நடந்ததை ஒருத்தரும் கண்ணாலை காணேல்லை. நீயும் பலகையைப் பார்த்துத்தானே பிள்ளை அழுறாய்? அவன் நீந்தி வருவான். சுகமா வரவேணுமெண்டு கோயிலிலை பூசைக்குப் பேர் குடுத்திட்டு வாறன்."

கையைத் துடைத்து, முக்காட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தார். ஞாயிறு பூசையில், உயிரோடிருப்பவர்களுக்கான மன்றாட்டில் அண்ணாவின் பெயரை வாசிப்பார்கள். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"போகாதேங்கோ அம்மா. அண்ணாவின்ரை உடம்பும் கரைக்கு வந்தது. அரிப்புச் சேமக்காலையிலை தாட்டுப்போட்டுத்தான் நாங்கள் வந்தனாங்கள்."