மேனேஜருக்குக் கழுத்து இல்லை

வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு மேனேஜரின் மூச்சு நின்றால் தேவலை என்று வேண்டிக்கொண்ட டைப்பிஸ்ட், இன்று இன்னொரு மேனேஜரின் மூச்சு நிற்காமலிருக்க, இல்லாத சாமிகளைக்கூடப் புதிதாகப் படைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மேனேஜர் ஒரு நாய். சப்பை மூக்கு, மடிப்பு மடிப்பான நெற்றி, எதை நீட்டினாலும் 'இதெல்லாம் ஒரு வேலையா?' என்கிற பார்வை. பழைய மேனேஜரின் முகம் அச்சு அசலாக இருந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

காலையில் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து மின்விசிறி நின்றது. காற்று அதற்கு முன்பே ராஜினாமா செய்திருந்தது. போன கோடையில் மேனேஜர் மயங்கி விழுந்தபோதே கால்நடை டாக்டரம்மா எச்சரித்திருந்தார்: "இதுங்க உடம்புச் சூட்டை மூச்சு வழியாத்தான் தள்ளணும் சார். அந்த வழியே குறுகல். இன்னொரு தடவை விழுந்தா எந்திரிக்கும்னு சொல்ல முடியாது."

நாயை அள்ளிக்கொண்டு தெருமுக்கிலிருந்த செல்லப்பிராணிக் கடைக்கு ஓடினார். பின்னாலேயே மனைவி, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக. அங்கும் இருட்டு.

"நாய்க்கு உடம்பைக் குளிர வைக்கிற சட்டை, அந்தக் கூலிங் வெஸ்ட் குடும்மா, சீக்கிரம்!"

"கழுத்து அளவு என்ன சார்?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கழுத்தா? ஆண்டவன் அந்த ஐட்டத்தையே குடுக்கலம்மா. தலை நேரா தோள்ல உக்காந்திருக்கு."

தண்ணீரில் நனைத்துப் போடும் சட்டையை முதலில் மாட்டினார்கள். ஈரம் காயக் காயக் குளிருமாம். காயவில்லை. கொஞ்ச நேரத்தில் மேனேஜர் ஆவியில் வைத்த பண்டம் மாதிரி வெந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கொடியில போட்ட துணியே ரெண்டு நாளா காயல, இது மட்டும் எப்படிக் காயும்? கழட்டுங்க!" என்றாள் மனைவி.

அடுத்தது, பைகளில் ஐஸ் பொட்டலம் செருகும் சட்டை. முதுகுக்குச் சரியான அளவு நெஞ்சை இறுக்கியது, மூச்சு விசிலடித்தது. பெரிய அளவை மாட்டினால் கழுத்துப்பட்டி நழுவி, இருக்கிற அரை மூக்கையும் மூடியது. நாக்கு கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

டைப்பிஸ்ட் அதையும் கழற்றி எறிந்தார். மனைவி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நெஞ்சுல எதையும் கட்டாதீங்க! உடம்புல தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே உடனே தூக்கிட்டு வாங்க!"

"டேய் மேனேஜர், லீவு கேக்காதடா," என்றார் டைப்பிஸ்ட். பாட்டில் தண்ணீரை அதன் முதுகில் ஊற்றினார். "நான் சாங்ஷன் பண்ண மாட்டேன்."

அப்போதுதான் சுவரில் அது கண்ணில் பட்டது. கன்றுக்குட்டி சைஸ் நாய்க்கான சட்டை. அதற்குள் ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாம்.

"அதை எடும்மா."

"சார், அது இதுக்கு..."

"இதுக்கில்ல. எனக்கு!"

ஐஸ் பெட்டியில் மிச்சமிருந்த பொட்டலங்களையெல்லாம் செருகி, ஓய்வூதியத்தில் வளர்த்த தொந்தியின் மேல் கட்டிக்கொண்டார். மனைவி கைகாட்டி நிறுத்திய ஆட்டோவில் சாய்ந்து, நனைத்த மேனேஜரை அந்தப் பனிமலையின் மேல் கவிழ்த்துக் கிடத்தினார். நெஞ்சை இறுக்க ஒரு நாடாகூட இல்லை. மனைவி விசிறிய வேகத்தில் ஆட்டோ பறந்துவிடும் போலிருந்தது.

"நாக்கைப் பாரு. என்ன நிறம்?"

"இன்னும் அப்படியேதாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த திருப்பத்தில் மறுபடி கேட்க வாயெடுத்தார், பயத்தில் கேட்கவில்லை. மனைவியாகவே சொன்னாள்: "வெளுத்த ரோஸுங்க!"

டாக்டரம்மாவின் வாசலில் ஆட்டோ நின்றபோது தொந்தியின் மேலிருந்து, ஊரே காதைப் பொத்திக்கொள்ளும் மேனேஜரின் வழக்கமான குறட்டை கிளம்பியது. டாக்டரம்மா ஓடி வந்து மூச்சைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், தலையாட்டினார். "தப்பிச்சிட்டான். உள்ள தூக்கிட்டு வாங்க."

டைப்பிஸ்ட் எழ முயன்றார். வயிறு மரத்துப்போயிருந்தது. பற்கள் மட்டும் குளிரில் படபடவென்று டைப் அடித்துக்கொண்டிருந்தன.

"அந்தப் பழைய மேனேஜருக்கு இந்த வேகத்துல அடிச்சிருந்தா," என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பவோ புரமோஷன் கிடைச்சிருக்கும்."